இரண்டு ஆலை, ஒரே பாகம்: வாசகர் கேள்வி–பதில்

உற்பத்தி நிறுவனங்கள் இணையும்போது எழும் சிக்கல்கள் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். சிங்கப்பூரின் துவாஸ், ஜூ கூன், உட்லண்ட்ஸ் வட்டாரத்துத் துல்லியப் பொறியியல் ஆலைகளிலிருந்தே அதிகம் வந்தன. ஒத்த கேள்விகளைச் சேர்த்து ஆறாக்கி விடை தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் நிறுவனமும் இன்னொரு நிறுவனமும் ஒன்றாகிச் சில மாதங்கள் ஆகின்றன. ஒரே அலுமினிய பிராக்கெட்டை இரண்டு ஆலையிலும் செய்கிறோம். இரண்டு இடத்துக் கியூசி (தரச் சோதனை) அறிக்கையும் ‘பாஸ்’ என்கிறது. ஜெர்மனியில் உள்ள வாடிக்கையாளரோ ஓர் ஆலையின் பாகம் பொருந்துகிறது, மற்றது பொருந்தவில்லை என்கிறார். எந்த ஆலையின் அளவை நம்புவது? – தர ஆய்வாளர், உட்லண்ட்ஸ்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். இரண்டு ஆலையுமே தங்கள் வழக்கப்படி ஒழுங்காக அளந்திருக்கலாம். அந்த வழக்கம் ஒன்றாக இல்லாததே கோளாறாக இருக்கக்கூடும்.

முதலில் டிராயிங்கை எடுங்கள். ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கே வேலை செய்து பழகிய ஆலை ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர முறையில் படிக்கும். அமெரிக்க வாடிக்கையாளர்களிடம் பழகிய ஆலை ஏஎஸ்எம்இ ஒய்14.5 என்ற அமெரிக்கத் தர முறையில் படிக்கும். தலைப்புக் கட்டத்தில் உள்ள கூம்புக் குறி, முதல் கோணப் பார்வையா மூன்றாம் கோணப் பார்வையா (பக்கத் தோற்றத்தைத் தாளில் எந்தப் பக்கம் வரைவது என்ற இரு வழக்கங்கள்) என்று சொல்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் இடது பிராக்கெட் வலது பிராக்கெட்டாக வந்து நிற்கும். இந்தத் தவறாவது பார்த்தவுடன் தெரிந்துவிடும். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாது. ஏஎஸ்எம்இ முறையில் 10.00 மி.மீ. உச்ச அளவுள்ள ஒரு பின் அந்த உச்ச அளவில் இருந்தால் சற்றும் வளையாமல் நேராகவும் இருந்தாக வேண்டும். ஐஎஸ்ஓ 8015-இன்படி அளவும் வடிவமும் தனித்தனி. வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்து போட்டிருந்தால்தான் அந்தக் கட்டுப்பாடு வரும். ஆகவே மைக்ரோமீட்டரில் எங்கே பிடித்தாலும் 10.00 காட்டும் வளைந்த பின், ஓர் ஆலையில் பாஸ், மற்றதில் ரிஜெக்ட்.

அடுத்தது வெப்பம். நீள அளவுகளுக்கு உலகெங்கும் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ். அலுமினியம் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 23 மைக்ரான் நீளும். 250 மி.மீ. பாகத்தை ஏசி இல்லாத தளத்தில் 30 டிகிரியில் எடுத்தால் அது ஏறக்குறைய 0.057 மி.மீ. நீண்டிருக்கும். அளக்கும் எஃகுக் கருவியும் அதே சூட்டில் இருந்தால் அதுவும் நீளும். எஃகின் நீட்சி அலுமினியத்தில் பாதிதான் என்பதால் பிழையில் பாதி மறைந்து, சுமார் 0.029 மி.மீ. மிஞ்சும். டாலரன்ஸ் (அனுமதிக்கும் விலகல்) 0.05 மி.மீ. என்றால் பாதிக்கு மேல் இங்கேயே போய்விட்டது. ஓர் ஆலை மெஷின் பக்கத்திலேயே அளந்து, மற்றது சிஎம்எம் (பாகத்தைப் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளக்கும் இயந்திரம்) அறையில் அளந்தால் இந்த வித்தியாசம் வந்தே தீரும். பாகத்தை அளவறையில் சில மணி நேரம் வைத்த பிறகே அளக்க வேண்டும். கனமான பாகத்துக்கு ஓர் இரவு கொடுங்கள்.

மூன்றாவது, சிஎம்எம் கணக்கு. துளையின் விட்டத்தை மென்பொருள் வழக்கமாகப் புள்ளிகளின் சராசரி வட்டமாகக் கணிக்கும். துளைக்குள் செருகிப் பார்க்கும் பிளக் கேஜோ அதன் மிகக் குறுகிய இடத்தில்தான் முட்டும். துளை கொஞ்சம் முட்டை வடிவமாக இருந்தால் சிஎம்எம் சரி என்னும், வாடிக்கையாளரின் பின் உள்ளே போகாது. இரண்டு ஆலையிலும் எத்தனை புள்ளிகள் தொடுகிறார்கள், எந்தப் பரப்பை டேட்டமாக (அளவு தொடங்கும் அடிப்படைப் பரப்பாக) வைக்கிறார்கள், எந்தக் கணக்கு முறை என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

இவ்வளவும் சரிசெய்த பிறகு சோதனை. நல்லது, கெட்டது, எல்லையில் நிற்பது என்று கலந்து 10 பாகங்களுக்கு எண் போடுங்கள். ஓர் ஆலையில் 3 பேர் தலா 3 முறை அளக்கட்டும். மொத்தம் 90 அளவு. அதே பாகங்களைப் பெட்டியில் வைத்து மற்ற ஆலைக்கு அனுப்பி அங்கேயும் 90. முந்தைய எண்களை யாரும் பார்க்கக் கூடாது. கேஜ் ஆர் அண்ட் ஆர் (வித்தியாசத்தில் அளவுமுறையால் வரும் பங்கு எவ்வளவு என்ற) கணக்கில் 10 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் நல்லது. 10 முதல் 30 வரை, பாகத்தின் முக்கியத்துவத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். 30-க்கு மேல் போனால் அந்த அளவுமுறையை வைத்து எதையும் தீர்ப்பளிக்கக் கூடாது. இரண்டு ஆலையும் தனித்தனியே 10-க்குக் கீழே வந்து, இரண்டின் சராசரிகள் மட்டும் விலகி நின்றால் மாஸ்டர் கேஜ் (மற்றக் கருவிகளைச் சரிபார்க்கும் மூல அளவி) அல்லது அளவுத்திருத்தத்தைச் சந்தேகியுங்கள். இரண்டு ஆலையின் கேஜ்களையும் சிங்கப்பூர் அங்கீகார மன்றத்தின் ஏற்பு பெற்ற ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பினால் அந்தச் சந்தேகம் தீரும்.

வாடிக்கையாளரிடம் ஒரு கேஜ் இருந்தால் அதை இரவல் கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை.

கேள்வி: இரண்டு கம்பெனிக்கும் வேறு வேறு ஈஆர்பி (இருப்பு, ஆர்டர், கணக்கு எல்லாம் நடத்தும் மென்பொருள்). ஒரே போல்ட்டுக்கு இரண்டு எண். இணைப்பு நடக்கும் நாளிலேயே எல்லாவற்றையும் ஒரே எண்ணுக்கு மாற்றிவிட மேலிடம் சொல்கிறது. செய்யலாமா? – ஸ்டோர் பொறுப்பாளர், துவாஸ்

பதில்: வேண்டாம். சட்டப்படி நிறுவனம் ஒரே நாளில் ஒன்றாகிவிடும். ஸ்டோரில் உள்ள பெட்டி ஆகாது.

இதில் எல்லோரும் அறிய வேண்டிய உதாரணம் ஏர்பஸ். பல நாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பாக இருந்த அது 2001-இல் ஒரே நிறுவனமானது. ஆனால் ஏ380 விமானத்தின் வயரிங்கை வடிவமைக்கையில் ஹாம்பர்க் குழு கேட்டியா மென்பொருளின் நான்காம் பதிப்பிலும், துலூஸ் குழு ஐந்தாம் பதிப்பிலும் வேலை செய்தன. ஒரு விமானத்தில் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் வயர். ஹாம்பர்க்கிலிருந்து வந்த உடற்பகுதிகளைத் துலூஸில் இணைக்கப் போனபோது வயர் கட்டுகள் எட்டவில்லை. 2006-இல் வந்திருக்க வேண்டிய முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்கு 15 அக்டோபர் 2007 அன்றுதான் வந்தது. பெயரும் தலைமையும் ஒன்றாகியிருந்தன, தரவு ஒன்றாகவில்லை.

உங்கள் ஸ்டோரில் எங்கே இடிக்கும் என்று சொல்கிறோம். ஓர் ஆலையில் எம்6×20 போல்ட்டின் அலகு ‘ஒன்று’, மற்றதில் ‘பெட்டி’. இரண்டையும் அப்படியே சேர்த்தால் 40 பெட்டி 40 போல்ட்டாகிவிடும்; கணினி உடனே புது ஆர்டர் போடும். அலுமினியக் கம்பி ஓரிடத்தில் கிலோவில், மற்றதில் நீளத்தில் இருக்கும். பெயரில் ஒரே போல்ட் என்றாலும் ஒன்று 8.8 துத்தநாகப் பூச்சு, மற்றது ஏ2-70 ஸ்டெயின்லெஸ். இந்த இரண்டையும் ஒரே எண்ணில் இட்டுவிட்டால் பிறகு பிரிக்க ஒவ்வொரு பெட்டியையும் திறக்க வேண்டியிருக்கும்.

செய்ய வேண்டிய வரிசை: இரண்டு பட்டியலையும் அப்படியே விட்டு, நடுவில் ஒரு பொருத்தப் பட்டியல் தயாரியுங்கள். பழைய எண் ஒன்று, பழைய எண் இரண்டு, பொருள், தரம், பூச்சு, அலகு, அலகை மாற்றும் பெருக்கெண், டிராயிங்கின் ரிவிஷன் என்று எட்டுப் பத்திகள் போதும். பொருத்தத்தைக் கணினியில் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டோரிலிருந்து ஒருவர், என்ஜினியரிங்கிலிருந்து ஒருவர் சேர்ந்து பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். அதிகம் நகரும் பொருட்களிலிருந்து தொடங்குங்கள். ஆண்டுக் கணக்கில் அசையாமல் கிடப்பதை மாற்றவே வேண்டாம், தீர்ந்ததும் எண்ணை மூடிவிடலாம். பிறகு ஒரு பொருள் குடும்பத்தை மட்டும் மாத இறுதியில் மாற்றுங்கள். அதற்கு முன் இருப்பை எண்ணி, திறந்திருக்கும் ஜாப் கார்டுகளை (வேலைச் சீட்டுகளை)ப் பழைய எண்ணிலேயே முடித்துவிடுங்கள். லேபிளில் புது எண் பெரிதாகவும் பழைய எண் கீழே சிறிதாகவும் இருக்கட்டும். பழைய கையிருப்பு தீரும்வரை அதை எடுக்காதீர்கள்.

எதிர்காலத்தில் இரண்டு ஈஆர்பியில் எது நிலைக்கும் என்பதை மட்டும் சீக்கிரம் முடிவு செய்யச் சொல்லுங்கள். அந்த முடிவு தள்ளிப்போனால் இரண்டு ஆலையும் தத்தம் சிஸ்டத்தில் புது எண்களைத் திறந்துகொண்டே போகும். உங்கள் பட்டியல் ஒருநாளும் முடியாது.

கேள்வி: நான் சிஎன்சி மெஷினிஸ்ட், இதே கம்பெனியில் ஒன்பது ஆண்டு. இணைப்புக்குப் பிறகு என் சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்குமா? கூட வேலை செய்யும் தம்பிகள் வேலை அனுமதியில் இருக்கிறார்கள். அவர்கள் நிலை என்ன? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: முதலில் எந்த வகை இணைப்பு என்று கேளுங்கள். புதிய உரிமையாளர் பங்குகளை மட்டும் வாங்கியிருந்தால் சட்டத்தின் கண்ணில் உங்கள் முதலாளி மாறவே இல்லை. அதே கம்பெனி, அதே ஒப்பந்தம். தொழில் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறினாலோ, இரு நிறுவனங்களும் நிறுவனச் சட்டத்தின்படி ஒன்றாக இணைக்கப்பட்டாலோ வேலை நியமனச் சட்டத்தின் 18ஏ பிரிவைப் பார்க்க வேண்டும். அதன்படி உங்கள் ஒப்பந்தம் தானாகவே புதிய நிறுவனத்துக்குச் செல்லும், வேலையின் தொடர்ச்சி முறியாது, பழைய நிபந்தனைகளும் கூடவே போகும். உங்கள் ஒன்பது ஆண்டு ஒன்பது ஆண்டாகவே இருக்கும். ‘ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் உடனே போடாதீர்கள். எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள், தொழிற்சங்கத்திடம் காட்டுங்கள்.

கைமாறும் முன்பே, நியாயமான கால அவகாசத்தோடு, முதலாளி உங்களுக்கும் சங்கத்துக்கும் அறிவிக்க வேண்டும். மாற்றம் நடக்கும் ஏறத்தாழ தேதி, காரணம், ஊழியர்களுக்கு வரும் விளைவுகள், எடுக்கப்போகும் நடவடிக்கைகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் நிர்வாகிகளும் மேலாளர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். உங்கள் பக்கத்தில் சம்பளச் சீட்டு, மிச்ச விடுப்பு, அலவன்ஸ் பட்டியல், மத்திய சேமநிதிப் பதிவு ஆகியவற்றின் நகலை மாற்றத்துக்கு முந்தைய மாதமே எடுத்து வையுங்கள். மருத்துவச் சலுகை, ஷிப்ட் அலவன்ஸ் போன்ற சின்ன வரிகள்தான் இடம் மாறும்போது காணாமல் போகும்.

ஆட்குறைப்பு வந்தால்: குறைந்தது 10 ஊழியர் உள்ள நிறுவனம், ஊழியரிடம் சொன்ன ஐந்து வேலை நாட்களுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு ஆண்டு சர்வீஸ் உள்ளவர் ஆட்குறைப்பு அனுகூலம் கேட்கத் தகுதி பெறுகிறார். தொகை ஒப்பந்தத்தையோ பேச்சுவார்த்தையையோ பொறுத்தது. ஓர் ஆண்டுக்கு இரண்டு வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம்வரை என்பது நடைமுறை. கேள்வியில் கேட்ட சர்வீஸ் தொடர்ச்சியின் மதிப்பு இங்கேதான் கண்கூடாகத் தெரியும்.

வேலை அனுமதியில் இருப்பவர்கள், அனுமதியில் குறித்த முதலாளிக்கு, குறித்த வேலையை மட்டுமே செய்யலாம். புதிய நிறுவனத்தின் பெயருக்கு மாற்றும் விண்ணப்பம் முதலாளியின் பொறுப்பு. தம்பிகள் இதற்காக எந்த ஏஜென்டிடமும் பணம் கட்டக் கூடாது. மாற்றம் முடியும் முன் ‘இன்று அந்த ஆலைக்குப் போய் உதவு’ என்று அனுப்புவது, அது இன்னமும் தனி நிறுவனமாக இருந்தால், சட்டமீறல். நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை: உற்பத்தித் துறையில் வெளிநாட்டு ஊழியர் விகித வரம்பு 60 விழுக்காடு, அதற்குள் எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் ஊழியர் அனுமதி) 15. இணைப்புக் கலக்கத்தில் உள்ளூர் ஊழியர்கள் விலகினால் வைத்துக்கொள்ளக்கூடிய வெளிநாட்டு ஊழியர் எண்ணிக்கையும் இறங்கும். அனுமதி புதுப்பிக்கும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

கேள்வி: அவர்கள் ஆலையில் 12 மணி நேரம், எங்கள் ஆலையில் 8 மணி நேரம். இரண்டையும் ஒன்றாக்க எது நல்லது? – ஷிப்ட் சூப்பர்வைசர், ஜூ கூன்

பதில்: கணக்குப் போட்டுவிட்டுப் பேசுங்கள். மாதம் 4,500 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் வாங்கும் உடலுழைப்பு ஊழியர்களுக்கு வாரம் 44 மணி வரம்பு. ஷிப்ட் ஊழியர் எழுத்துபூர்வமாகச் சம்மதித்தால், தொடர்ந்து மூன்று வாரச் சராசரி 44-ஐத் தாண்டாதவரை ஒரு நாளில் 12 மணி வரை சாதாரண நேரமாகவே வேலை வாங்கலாம். நான்கு நாள் வேலை, நான்கு நாள் ஓய்வு என்றால் சராசரி 42 மணி, பிரச்சினையில்லை. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்றால் ஒரு மணி உணவு இடைவேளை கழித்தும் 51 மணிக்கு மேல். அதாவது வாரம் ஏழு மணிக்கு மேல் ‘ஓடி’ (கூடுதல் நேர வேலை), மாதத்துக்கு 32 மணி அளவு. மாத உச்சவரம்பு 72 மணி என்பதால் இடமிருக்கிறது, ஆனால் செலவு ஒன்றரை மடங்கு.

‘ஓடி’ பணத்தை நம்பிக் குடும்பம் நடத்துபவரிடம் 8 மணி ஷிப்டைத் திடீரென்று திணித்தால் அது அவருக்குச் சம்பள வெட்டு. அதனால் இரண்டு முறையையும் ஆறு மாதமாவது தனித்தனியே விட்டுவிட்டு, ஷிப்ட் மாறும் கையளிப்பை மட்டும் உடனே ஒன்றாக்குங்கள். 15 நிமிடம் இரு ஷிப்டும் மெஷின் முன்னே சேர்ந்து நிற்க வேண்டும்: எந்த டூல் மாற்றப்பட்டது, எந்த ஆஃப்செட் (டூல் நிலைத் திருத்த எண்) திருத்தப்பட்டது, கடைசிப் பாகத்தின் அளவு என்ன, எது பாதியில் நிற்கிறது. தமிழ், சீனம், வங்காளம், மலாய் பேசுபவர்கள் கலந்த இடம் என்பதால் வேலைக் குறிப்பை நீண்ட ஆங்கிலப் பத்தியாக எழுதாதீர்கள். படம், அம்புக்குறி, எண். கெட்ட பாகத்தின் படம் ஒன்று பக்கத்திலேயே. அதை இரண்டு ஆலை ஆட்களும் சேர்ந்து எடுத்தால் ‘அவர்கள் முறை’ என்ற முணுமுணுப்பு குறையும்.

கேள்வி: இன்னும் மூன்று மாதத்தில் நிறுவனத்தின் பெயர் மாறுகிறது. ஏற்றுமதியில் எதெல்லாம் தடைபடும்? – கப்பல் ஆவணப் பிரிவு, பைனியர்

பதில்: தேதிக்கு மூன்று மாதம் முன்பே இதை எடுத்தது நல்லது. பணத்தை முதலில் சொல்கிறோம். பழைய பெயரில் திறந்த கடனுறுதிக் கடிதம் (எல்சி: பணம் தருவதாக வாடிக்கையாளரின் வங்கி தரும் உறுதி) இருந்தால், பெயர் மாறும் முன்பே வாடிக்கையாளரின் வங்கி வழியாகத் திருத்தம் வாங்குங்கள். புதுப் பெயரில் இன்வாய்ஸ், பழைய பெயரில் கடனுறுதிக் கடிதம் என்றால் வங்கி முரண்பாடு காட்டிப் பணத்தை நிறுத்தும். சரக்கோ நடுக்கடலில் இருக்கும்.

தரச் சான்றிதழ் ஒரு பெயருக்கும் முகவரிக்கும் வேலை வரம்புக்கும் கொடுக்கப்படுவது. ஓர் ஆலையின் ஐஎஸ்ஓ 13485-ஐக் காட்டி மற்ற ஆலையில் மருத்துவப் பாகம் செய்ய முடியாது. விமானப் பாகமென்றால், செய்யும் இடம் மாறினாலே ஏஎஸ்9102-இன்படி முதல் பாக ஆய்வை முழுதாகவோ, மாறிய அளவுக்கோ மீண்டும் செய்ய வேண்டும். வாகனத் துறை வாடிக்கையாளருக்கு முன்னறிவிப்பும் ஒப்புதலும் வேண்டும். சொல்லாமல் மாற்றிவிட்டுப் பிறகு அகப்பட்டால் நம்பிக்கை போய்விடும்.

அதிகம் கவனிக்கப்படாதது, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் பூர்வீகச் சான்றிதழ். சலுகை வரியில் அனுப்ப, ஆலையைச் சிங்கப்பூர்ச் சுங்கத்துறையில் பதிந்து, உற்பத்திச் செலவு அறிக்கை தர வேண்டும். நிறுவனப் பதிவெண் மாறினால் இதுவும் மாறும். ஆசியான் பொருள் வர்த்தக உடன்பாட்டின் பொது விதி, வட்டார மதிப்பு 40 விழுக்காடு, அல்லது சுங்கக் குறியீட்டின் நான்கிலக்கத் தலைப்பு மாற்றம். மதிப்பு வழியில் கணக்குக் காட்டுபவர்களுக்கு ஓர் உதாரணம்: கப்பலேற்று விலை 100 வெள்ளி, ஆசியானுக்கு வெளியே வாங்கிய மூலப்பொருள் 55; வட்டார மதிப்பு 45, தேறும். இணைந்த பிறகு வாங்கும் பிரிவு மொத்தக் கொள்முதலுக்கு ஆசியானுக்கு வெளியே புது சப்ளையரைப் பிடித்து, வட்டாரத்தில் வாங்கிய இன்னொரு பாகத்தையும் அங்கேயே வாங்கினால் அந்த 55 எளிதாக 62 ஆகிவிடும். மதிப்பு 38, சலுகை போயிற்று. மூலப்பொருளில் மிச்சம் பிடித்தது வாடிக்கையாளரின் வரியில் கரைந்துவிடும். ஆகவே சப்ளையரை மாற்றும் ஒவ்வொரு தாளிலும் ஆவணப் பிரிவின் கையெழுத்து வேண்டும் என்று கேளுங்கள்.

இன்னொன்று: ஜோகூரிலோ பாத்தாமிலோ சகோதர ஆலை கிடைத்திருந்தால், கட்டுப்பாட்டுக்குட்பட்ட தொழில்நுட்ப டிராயிங்கை மின்னஞ்சலில் அனுப்புவதும் ஏற்றுமதியே. உத்திபூர்வப் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் காகிதப் பெட்டியையும் மின்கோப்பையும் வேறுபடுத்துவதில்லை.

கேள்வி: இரண்டு விற்பனைக் குழுவும் ஒரே ஜப்பானிய வாடிக்கையாளருக்கு வேறு வேறு விலை சொல்லிவிட்டன. மலிவான ஆலைக்கே வேலையையும் மெஷினையும் மாற்றிவிடலாமா? – வாசகர், அட்மிரல்ட்டி

பதில்: மலிவு உண்மையா என்று முதலில் பாருங்கள். 480,000 வெள்ளி மெஷினை எட்டு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 60,000. ஒருவர் அதைத் திட்டமிட்ட 5,000 மணியால் வகுத்து மணிக்கு 12 என்பார். மற்றவர் உண்மையில் ஓடிய 3,000 மணியால் வகுத்து 20 என்பார். மெஷின் ஒன்று, செலவு ஒன்று, விலையில் மட்டும் எட்டு வெள்ளி வித்தியாசம். வாடகை, மின்சாரம், டூல் எல்லாம் மணிக் கணக்கில் சேர்கிறதா, மூலப்பொருள்மேல் விழுக்காடாகச் சேர்கிறதா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே சூத்திரத்தில் இரண்டு ஆலையையும் மறுபடி கணக்கிட்டுவிட்டு, அந்த வாடிக்கையாளருக்கு ஒரே ஆளை நியமித்து, ஒரே விலையைச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகும் மெஷினை மாற்றத்தான் வேண்டும் என்றால், வாடிக்கையாளர் ஒப்புதல் குறைவாகத் தேவைப்படும் வரிசையிலிருந்து, ஒரு நேரத்தில் ஒன்றாக மாற்றுங்கள். ஆறு வாரக் கையிருப்பாவது முன்பே செய்து வையுங்கள். ஜேடிசி (அரசின் தொழிற்பேட்டை நில அமைப்பு) இடமென்றால் குத்தகைதாரர் மாற்றத்துக்கு அவர்கள் அனுமதியை முதலில் வாங்குங்கள். புது அடித்தளக் கான்கிரீட் முழு வலிமை பெற 28 நாள் ஆகும். மெஷினை அணைக்கும் முன், கன்ட்ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரிகளைப் புதிதாக மாற்றி, பாராமீட்டர் (மெஷினின் அமைப்பு எண்கள்), ஆஃப்செட், புரோகிராம் மூன்றையும் வெளியே நகலெடுங்கள். வாரக்கணக்கில் மின்சாரமின்றி நின்று பேட்டரி இறந்தால் பாராமீட்டர் அழிந்துவிடும். போக்குவரத்துப் பூட்டுகளைப் போடுங்கள். புது இடத்தில் மீட்டருக்கு 0.02 மி.மீ. அளவுக்கு லெவல் பார்த்து, பால்பார் சோதனை (மெஷின் எவ்வளவு சரியான வட்டத்தில் நகர்கிறது என்ற சோதனை) செய்து, பழைய இடத்தில் எடுத்த பால்பார் படத்தோடு ஒப்பிடுங்கள். அதற்கு அந்தப் பழைய படம் கையில் இருக்க வேண்டும். கிளம்பும் முன்னே எடுங்கள். கூலன்ட் தொட்டியை முழுதாகக் கழுவாமல் புது ஆலையின் வேறு பிராண்டை ஊற்றக் கூடாது; இரண்டும் கலந்தால் எண்ணெய் பிரிந்து, துருவும் நாற்றமும் வரும். மூன்று நான்கு வாரம் ஓடியதும் லெவலை மீண்டும் பாருங்கள். தளம் அமர்ந்திருக்கும்.